மைக்ரானை மறைக்காதீர்கள்: கொங்குத் தொழில் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம் வட்டாரங்களில் வார்ப்படம், மோட்டார், பம்ப்செட், சிஎன்சி எந்திர வேலை ஆகிய தொழில்களை நடத்துவோரின் சங்கங்களில் பொறுப்பு வகிக்கும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். ஆவாரம்பாளையத்தில் மோட்டார் காயில் சுற்றும் பட்டறை ஒன்றின் பின்கட்டில் வளர்ந்தவன் நான். பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு துகள் முடுக்கி ஆய்வகத்தின் காந்தப் பிரிவில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று ஊருக்கே திரும்பியிருக்கிறேன்.

அண்மையில் உங்கள் கூட்டம் ஒன்றில் பார்வையாளனாக அமர்ந்திருந்தேன். எமிட்டன்ஸ் குறைந்த, அதாவது எலக்ட்ரான் தாரை மெல்லியதாகவும் விரியாமலும் ஓடும், புதிய சிங்க்ரோட்ரான் வளையம் ஒன்று நம் நாட்டுக்கு வேண்டும் என்று அறிவியலாளர்கள் கேட்டு வருவதைப் பற்றிய பேச்சு வந்தபோது, அதற்கான காந்தங்களைச் செய்யும் வேலை நம் பக்கம் வருமா என்று ஒருவர் கேட்டார். "காந்தந்தானுங்களே, மோட்டார் பண்றவங்களுக்கு அது ஒரு வேலையாங்க?" என்று இன்னொருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை அன்றே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். கூச்சத்தால் சொல்லாமல் வந்துவிட்டேன்.

சிங்க்ரோட்ரான் வளையம் என்பது இதுதான்: ஒளியின் வேகத்தை மிக நெருங்கி ஓடும் எலக்ட்ரான்களை ஒரு வெற்றிடக் குழாய்க்குள் மணிக்கணக்கில் சுற்றவிட்டால், காந்தங்கள் அவற்றை வளைக்கும் இடங்களிலெல்லாம் எக்ஸ் கதிர் உள்ளிட்ட கடும் ஒளி தொடுகோட்டுத் திசையில் வெளிப்படும். அந்த ஒளியைக் கொண்டு புரதத்தின் அணு அமைப்பைப் பார்க்கலாம். வார்ப்படத்துக்குள் ஒளிந்திருக்கும் நுண்துளையைப் பார்க்கலாம். ஈரோட்டுத் தோல் ஆலைக் கழிவில் உள்ள குரோமியம் நச்சு வடிவத்தில் இருக்கிறதா, தீங்கு குறைந்த வடிவத்தில் இருக்கிறதா என்றும் பிரித்தறியலாம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கடராமன் ராமகிருஷ்ணனுக்கு 2009-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ரைபோசோம் ஆய்வு இத்தகைய ஒளிமூலங்களின் துணையோடு நடந்ததுதான். நம் நாட்டில் இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையத்தில் இண்டஸ்-1, இண்டஸ்-2 என இரு வளையங்கள் உள்ளன. பெரியதான இண்டஸ்-2, 2.5 கிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் இயங்குகிறது. சுற்றளவு சுமார் 172.5 மீட்டர்; அதில் வளைக்கும் காந்தங்கள் 16, ஒவ்வொன்றும் எலக்ட்ரான் கற்றையை 22.5 பாகை திருப்புகிறது. இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எமிட்டன்ஸ் என்பதைப் பம்ப்செட் விற்பவர்களுக்கு விளக்குவது எளிது. குழாய் முனையிலிருந்து பாயும் நீர்த்தாரை எவ்வளவு தடிமனாக இருக்கிறது, போகப்போக எவ்வளவு விரிகிறது என்னும் இரண்டையும் பெருக்கினால் வருவதைப் போன்றது அது. எலக்ட்ரான் தாரையில் அது சிறியதாக இருந்தால் ஒளி ஊசிமுனையில் குவியும். பெரியதாக இருந்தால் எவ்வளவு மின்னோட்டத்தை ஏற்றினாலும் ஒளி சிதறியே கிடக்கும். தாரை தடிப்பதற்குக் காரணமும் வளைவுதான். வளைவில் ஓர் எலக்ட்ரான் ஓர் ஒளித்துகளை உமிழும்போது அதன் ஆற்றல் சற்றுக் குறைகிறது. குறைந்த ஆற்றலுக்குரிய பாதை வேறு என்பதால், அது பழைய பாதையை விட்டு விலகி ஊசலாடத் தொடங்குகிறது. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பேருந்தில் நின்றுகொண்டு போனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. கூர்மையான சில வளைவுகளுக்குப் பதிலாக மென்மையான பல வளைவுகளை வைத்தால் தள்ளாட்டம் குறையும். எவ்வளவு குறையும் என்பதுதான் வியப்பு: ஒவ்வொரு காந்தமும் திருப்பும் கோணத்தைப் பாதியாக்கினால் எமிட்டன்ஸ் எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது.

சுவீடனின் லுண்ட் நகரில் உள்ள மேக்ஸ் ஃபோர் வளையம் இந்த மும்மடிக் கணக்கை நம்பிக் கட்டப்பட்டது. 3 கிகா எலக்ட்ரான்வோல்ட், 528 மீட்டர் சுற்றளவு, 20 பகுதிகள், பகுதிக்கு 7 வளைவுகளாக மொத்தம் 140 வளைக்கும் காந்தங்கள். அவற்றுள் 100 காந்தங்கள் 3 பாகையும், 40 காந்தங்கள் 1.5 பாகையும் மட்டுமே திருப்புகின்றன. இண்டஸ்-2இன் 22.5 பாகைக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். அதன் எமிட்டன்ஸ் சுமார் 330 பிகோமீட்டர்-ரேடியன், அதாவது 0.33 நானோமீட்டர்-ரேடியன். முந்தைய தலைமுறை வளையங்களில் இது நானோமீட்டர் கணக்கில், சிலவற்றில் பத்துக்கணக்கான நானோமீட்டராக இருந்தது. அதன் பிறகு பிரேசிலின் சிரியஸ், பிரான்சின் கிரெனோபிளில் ஐரோப்பிய மையம் மாற்றிக் கட்டிய வளையம், சிகாகோவுக்கு அருகே ஆர்கோன் ஆய்வகத்தில் புதுப்பிக்கப்பட்ட வளையம், பெய்ஜிங்கின் புதிய வளையம் என்று எல்லாமே பல வளைவு வழிக்கு வந்துவிட்டன.

இந்த ஆதாயம் இலவசமாகக் கிடைக்கவில்லை. வளைவுகளைப் பெருக்கி அவற்றுக்கு நடுவே கற்றையை இறுக்கிப் பிடிக்க வேண்டுமானால் நான்முனைக் காந்தங்கள் மிக வலுவாக இருக்க வேண்டும்; வலு வேண்டுமானால் காந்தத்தின் முனைகள் ஒன்றையொன்று நெருங்க வேண்டும்; முனைகள் நெருங்கினால் நடுவே செல்லும் குழாய் குறுக வேண்டும். மேக்ஸ் ஃபோரில் குழாயின் உள்விட்டம் 22 மில்லிமீட்டர்தான். வலுவான நான்முனைக் காந்தம் ஆற்றல் வேறுபட்ட எலக்ட்ரான்களை வேறு வேறு இடங்களில் குவிப்பதால் அதைச் சரிசெய்ய வலுவான அறுமுனைக் காந்தம் வேண்டும்; அந்த அறுமுனைக் காந்தமோ நடுப்பாதையை விட்டுச் சற்று விலகிய எலக்ட்ரான்களை வளையத்துக்கு வெளியே தள்ளிவிடும். ஆக, எலக்ட்ரான் பிழைத்திருக்கக்கூடிய இடம் எல்லாத் திசையிலும் சுருங்கிவிடுகிறது. பழைய வளையத்தில் ஒரு காந்தம் கால் மில்லிமீட்டர் தள்ளி அமர்ந்திருந்தால் கற்றை முணுமுணுத்துக்கொண்டே ஓடிவிடும். புதிய வளையத்தில் ஒவ்வொரு காந்தத்தின் சிறு விலகலும் சுற்றுப்பாதையில் பல பத்து மடங்காகப் பெருகுவதால், பத்துக்கணக்கான மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிழைகளே சேர்ந்து முதல் சுற்றைக்கூட முடிக்கவிடாமல் செய்துவிடும்.

இனி, கூட்டத்தில் சொல்லப்பட்ட பாதி உண்மைக்கு வருகிறேன். பிரேசிலில் காம்பினாஸ் நகருக்கு அருகே உள்ள சிரியஸ் வளையத்துக்கு வேண்டிய 1,300க்கும் மேற்பட்ட மின்காந்தங்களைச் செய்தது யார் தெரியுமா? வெக் என்னும் மின் மோட்டார் நிறுவனம். நமக்கு அயலில் ஓசூரிலும் அவர்களுக்குத் தொழிற்சாலை இருக்கிறது. மோட்டாருக்கு ஸ்டாம்பிங் எனப்படும் இரும்புத் தகடுகளை வெட்டி அடுக்கி, காயில் சுற்றி, இன்சுலேஷன் பார்க்கத் தெரிந்தவர்களால் நான்முனைக் காந்தமும் செய்ய முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. நம் நாட்டுப் பட்டறைகளும் சளைத்தவையல்ல: ஜெனீவாவின் பெரும் ஹேட்ரான் மோதுவிப்பானில் 15 மீட்டர் நீளமுள்ள காந்தங்களைத் தாங்கி, நுட்பமாக நகர்த்தி நிறுத்தும் 7,000க்கும் மேற்பட்ட ஜாக்குகள் இந்தியாவிலிருந்து போனவை. 1937-லேயே மோட்டார் செய்த ஊர் இது. கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கினோம் என்று மேடைதோறும் பேசுகிறோம். அதைச் சொல்லி ஆர்டர் வாங்க முடியாது என்பதால் அதை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

பாதிப் பொய் எங்கே இருக்கிறது என்றால், மோட்டாரைச் சோதிக்கும் முறைக்கும் சேமிப்பு வளையத்தின் காந்தத்தைச் சோதிக்கும் முறைக்கும் இடையே இருக்கிறது. மோட்டார் ஓடினால் தேறிவிட்டது. சூடு ஏறவில்லை, சத்தம் இல்லை, சொன்ன ஆம்பியருக்குள் இழுக்கிறது என்றால் பெட்டியில் அடைத்து அனுப்பிவிடலாம். வளையத்தின் காந்தம் உங்கள் பட்டறையில் தேறுவதில்லை. ஆயிரம் காந்தங்களும் இடத்தில் அமர்ந்து, குழாய்கள் இணைந்து, கட்டுப்பாட்டு அறையில் பத்துப் பேர் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் ஓர் இரவில், முதல் எலக்ட்ரான் கற்றை உள்ளே நுழையும்போதுதான் அது தேறியதா இல்லையா என்பது தெரியவரும். அந்தக் கட்டத்துக்குத்தான் கமிஷனிங் என்று பெயர். அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்களில் பலர் அதைச் சுவிட்சைத் தட்டும் விழாவாக நினைத்திருக்கிறீர்கள்.

முதலில் கற்றையை வளையத்துக்குள் செலுத்தி, முதல் பகுதியைக் கடக்கிறதா என்று பார்ப்பார்கள். குழாயின் வழிநெடுக நிலைகாட்டிகள் இருக்கும்; கற்றை அவற்றைக் கடக்கும்போது மையத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அவை சொல்லும். ஐந்தாவது நிலைகாட்டி வரை வந்து ஆறாவதில் காணாமல் போனால், இடையில் உள்ள சிறு திருத்தக் காந்தங்களை மாற்றி மாற்றிக் கற்றையை ஒரு முழம் முன்னே நகர்த்துவார்கள். ஊசியில் நூல் கோப்பது போல, ஆயிரம் ஊசிகளை வரிசையாக வைத்துக் கோப்பது போல அந்த வேலை நடக்கும். முதல் சுற்று முடிந்ததும் பத்துச் சுற்று, நூறு சுற்று என்று போகும். ஒவ்வொரு சுற்றிலும் ஒளியாக இழக்கும் ஆற்றலை ரேடியோ அலைவரிசைக் குழிகள் திருப்பித் தர வேண்டும். அவற்றின் கட்டமும் (கற்றை வரும் நொடியில் அலை எந்த நிலையில் இருக்கிறது என்பதும்) அதிர்வெண்ணும் பொருந்தினால்தான் கற்றை தங்கும். மேக்ஸ் ஃபோர் வளையத்தில் 2015 ஆகஸ்டில் முதல் சுற்றும், செப்டம்பரில் கற்றைச் சேமிப்பும் நடந்தன. திறப்பு விழா 2016 ஜூன் 21-இல்தான் நடந்தது. சிரியஸில் 2019 நவம்பரில் முதல் சுற்று, டிசம்பரில் சேமிப்பு. கிரெனோபிளில் 2018 டிசம்பரில் பழைய வளையத்தை நிறுத்திப் பிரித்தெடுத்து, 2019 டிசம்பரில் புதியதில் கற்றையைச் சேமித்து, 2020 ஆகஸ்டில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவ்வளவு விரைவாக முடிந்ததற்குக் காரணம், கற்றை வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒவ்வொரு காந்தத்தின் ஜாதகத்தையும் அவர்கள் கையில் வைத்திருந்ததுதான் என்பது என் முடிவு.

கற்றை தங்கிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. நான்முனைக் காந்தம் ஒன்றின் மின்னோட்டத்தைச் சற்றே கூட்டுவார்கள். கற்றை அந்தக் காந்தத்தின் சரியான நடுவில் சென்றால் பாதை அசையாது. அசைந்தால் கற்றை நடுவில் இல்லை என்று பொருள். அசைவு நிற்கும் வரை கற்றையை நகர்த்தி, அருகில் உள்ள நிலைகாட்டியின் பூச்சியத்தை அங்கே குறித்துக்கொள்வார்கள். இப்படி ஒவ்வொரு நான்முனைக் காந்தமாக, நூற்றுக்கணக்கில். பிறகு ஒவ்வொரு திருத்தக் காந்தத்தையும் தனித்தனியே அசைத்து, எல்லா நிலைகாட்டிகளிலும் வரும் எதிர்வினையைப் பதிந்து, அந்தப் பெரிய அட்டவணையைக் கணினி மாதிரியோடு ஒப்பிட்டு, எந்தக் காந்தம் கணக்கில் சொன்ன வலுவிலிருந்து எவ்வளவு பிசகியிருக்கிறது என்று தேடுவார்கள். 528 மீட்டர் வளையத்தை ஓர் எலக்ட்ரான் நொடிக்குச் சுமார் 5,68,000 தடவை சுற்றுகிறது. பத்து மணி நேரம் தங்கினால் 2,000 கோடிச் சுற்றுகள், சூரியனிலிருந்து நெப்டியூன் வரை போய்த் திரும்பும் தொலைவைவிட அதிகம். ஒரு சுற்றில் கண்ணுக்குத் தெரியாத பிழை, இரண்டாயிரம் கோடிச் சுற்றில் எலக்ட்ரானைக் கொன்றுவிடும்.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊரையும் நிறுவனத்தையும் சொல்லப் போவதில்லை, கேட்கவும் வேண்டாம். நாங்கள் ஒரு வளையத்தைச் சீர்செய்துகொண்டிருந்தபோது, குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் திருத்தக் காந்தத்துக்கு இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் தேவைப்பட்டது. அளவைப் பிரிவினர் மறுபடி அளந்தார்கள். காந்தம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. மின்வழங்கியைச் சோதித்தோம், கேபிளைச் சோதித்தோம், நிலைகாட்டியைக் கழற்றி மாட்டினோம். மூன்று வாரம் போயிற்று. கடைசியில் கற்றையைக் கொண்டே காந்தத்தின் நடுவைத் தேடியபோது, இரும்பின் நடு ஓரிடத்திலும் காந்தப் புலத்தின் நடு வேறிடத்திலும் இருப்பது தெரிந்தது. அடுத்த நிறுத்தக் காலத்தில் அதைப் பிரித்தோம். நான்கு கால் பாகங்களாகச் செய்து இணைத்த காந்தம் அது. ஓர் இணைப்பு முகத்தில் மட்டும் ஒரு மெல்லிய துருவேறா எஃகு ஷிம், அதாவது இடைவெளியை நிரப்பும் தகடு, இருந்தது. கிரைண்டிங்கில் அந்த முகம் சற்று அதிகமாகப் போய்விட, பட்டறையில் அதை ஷிம் வைத்து நிரவியிருக்கிறார்கள். வெளி அளவு துல்லியமாக வந்துவிட்டது. ஆனால் அந்த எஃகு காந்தப் பாயத்தைக் கடத்தாத வகை என்பதால், அந்த ஒரு முனையின் புலம் மட்டும் மெலிந்து, நடு நகர்ந்துவிட்டது.

அந்தப் பட்டறைக்குப் போய்க் கேட்டோம். கிரைண்டிங் பார்த்த பெரியவர் தயங்காமல் ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் காந்தத்தின் எண், தேதி, ஷிம்மின் தடிமன் எல்லாம் பென்சிலால் எழுதியிருந்தது. "இதை ஏனுங்க ரிப்போர்ட்ல போடலை?" என்று கேட்டேன். "போட்டிருந்தா ஜாப்பைத் திருப்பி அனுப்பியிருப்பீங்களல்லங்க?" என்றார். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. நாங்கள் திருப்பித்தான் அனுப்பியிருப்போம். எங்கள் ஒப்பந்தத்தின் வாசகம் அப்படி இருந்தது: டிராயிங் அளவுக்குள் இருந்தால் பணம், இல்லாவிட்டால் தள்ளுபடி.

அந்த ஒரு வரி எங்களிடம் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் தெரியுமா? காந்தத்தைப் பிரித்து வேறு ஷிம் வைத்திருப்போம். அதற்கு நேரமில்லை என்றால் நகர்ந்த நடுவுக்கு ஏற்பக் காந்தத்தையே அத்தனை மைக்ரான் தள்ளி அமர்த்தியிருப்போம். அரை நாள் வேலை. தெரிந்த பிழையோடு வாழ முடியும். மாதிரியில் ஓர் எண்ணை மாற்றினால் கணினி அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். தெரியாத பிழைதான் வாரங்களைத் தின்கிறது. அதுவும் ஆயிரம் காந்தங்களுக்கு நடுவே எது என்று தெரியாமல் தேடும்போது, மற்ற 999 காந்தங்களையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. 1996-இல் ஜெனீவாவின் 27 கிலோமீட்டர் எலக்ட்ரான் வளையத்தில் கற்றை சுற்ற மறுத்தபோது, குழாயைத் திறந்து பார்த்து உள்ளே இரண்டு பீர் பாட்டில்கள் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் பாட்டில் பெரியது, கண்டுபிடித்துவிடலாம். ஷிம்மைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். இந்த வேலை நம் பக்கம் வருவதற்கு முன்பாகவே, உறுப்பினர் பட்டறைகளில் விலகல் பதிவு என்னும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு காந்தத்துக்கும் ஒரு தனிக் கோப்பு. இரும்பு உலையின் எந்த உருக்குத் தொகுதியிலிருந்து வந்தது, எந்த எந்திரத்தில் எந்தத் தேதியில் வெட்டப்பட்டது, எங்கே எத்தனை மைக்ரான் கூடியது அல்லது குறைந்தது, என்ன செய்து நிரவினார்கள், யார் செய்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தப் பெரியவரின் பென்சில் நோட்டுதான் உண்மையான ரிப்போர்ட். நேர்த்தியாக அச்சிட்டு எங்களுக்கு அனுப்பப்பட்ட தாளில் எல்லாக் கட்டங்களிலும் டிக் இருந்தது, ஒரு செய்தியும் இல்லை. இது எளிய காரியம் என்று சொல்லமாட்டேன். ஜாப் ஒர்க் கொடுத்துக் கொடுத்து நாலு கை மாறி வரும் வேலையில், நடுவில் உள்ள ஒருவர் மறைத்தாலும் சங்கிலி அறுந்துவிடும்.

அத்துடன், அளவு என்றாலே இரும்பின் அளவு என்னும் எண்ணத்தையும் விட வேண்டும். வடிவத்தைத் தொட்டு அளக்கும் நல்ல சிஎம்எம் எந்திரங்கள் நம் ஊரில் பல இடங்களில் இருக்கின்றன. அவை இரும்பின் வடிவத்தை மைக்ரான் கணக்கில் சொல்லும், புலத்தைச் சொல்லாது. காந்தத்தின் துளைக்குள் ஒரு சுருளைச் சுழலவிட்டு, அதில் தூண்டப்படும் மின்னழுத்தத்தைப் பகுத்துப் பார்த்தால், நான்முனைப் புலத்தோடு எவ்வளவு அறுமுனை, எண்முனைக் கலப்படம் கலந்திருக்கிறது, நடு எங்கே இருக்கிறது என்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு நுணுக்கத்தோடு தெரிந்துவிடும். மேக்ஸ் ஃபோரின் காந்தங்கள் தனித்தனியாகச் செய்யப்பட்டவை அல்ல; 2.3 முதல் 3.4 மீட்டர் நீளமுள்ள கெட்டி இரும்புப் பாளங்களில் பல காந்தங்களுக்கான இடத்தையும் ஒன்றாகக் குடைந்தெடுத்தார்கள். அத்தனை நீளத்துக்கும் அனுமதிக்கப்பட்ட பிசகு 20 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அந்த ஒப்பந்தத்தில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. டிராயிங்கில் உள்ள எந்திர அளவுக்குச் செய்தவர்கள் பொறுப்பு. புலத்தின் தரத்துக்கு ஆய்வகம் பொறுப்பு. ஆனால் புலத்தை அளந்து தர வேண்டியவர்களும் செய்தவர்களே. பொறுப்பை இப்படிப் பிரித்ததால் பட்டறைக்கு எதையும் மறைக்க வேண்டிய தேவையே எழவில்லை. செய்கிறவனே அளந்தால் தன் கையின் பிசகை மறுநாள் காலையிலேயே அறிந்துகொள்வான். ஆறு மாதம் கழித்து ஆய்வகத்திலிருந்து கடிதம் வரும்வரை காத்திருக்க மாட்டான்.

சுழல்சுருள் அளவை எந்திரம் ஒன்றைத் தனியொரு பட்டறை வாங்கி வைப்பது வீண் செலவு. சங்கங்கள் சேர்ந்து பொது வசதியாக அமைக்கலாம். பொறியியல் கல்லூரி ஒன்றின் வளாகத்தில் வைத்தால் மாணவர்களுக்கும் பயன்படும். வெப்பநிலை மாறாத அறையும், அதிர்வில்லாத தரையும், பொறுமையுள்ள இரண்டு பேரும் போதும். மூன்றாவதுதான் கிடைப்பது அரிது.

ஸ்டாம்பிங் அடுக்குவோருக்கு ஒரு குறிப்பு. மோட்டாரில் ஆலையிலிருந்து வரும் ஒரு தகட்டுச் சுருளும் அடுத்த தகட்டுச் சுருளும் காந்தக் குணத்தில் சற்று வேறுபட்டால் கேட்பாரில்லை. வளையத்தில் ஒரே தொடரில் மின்னோட்டம் பாயும் நூறு காந்தங்களும் ஒரே வலுவோடு இருக்க வேண்டும் என்பதால், வெவ்வேறு உருக்குத் தொகுதிகளின் தகடுகளைக் கலைத்துச் சீட்டுக்கட்டுப் போல எல்லாக் காந்தங்களிலும் சமமாகப் பரப்பி அடுக்குவார்கள். வந்த வரிசையில் அடுக்குவது மிச்சம்தான். ஆனால் கமிஷனிங்கில் அது பல்லிளிக்கும்.

பம்ப் செய்வோருக்கு ஆறுதலாக ஒன்று சொல்வதானால், இந்த வளையங்களில் குழாயின் சுவரே பம்ப். 22 மில்லிமீட்டர் குழாயின் நடுவில் உள்ள காற்றை முனையில் வைத்த பம்ப் எட்டிப் பிடிக்காது என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே செம்புக் குழாயின் உட்சுவரில் டைட்டேனியம், சிர்கோனியம், வனேடியம் கலந்த மெல்லிய பூச்சைப் பூசி, சூடாக்கி உயிரூட்டினால், அது தன்மேல் மோதும் வாயு மூலக்கூறுகளை உறிஞ்சிக்கொள்கிறது. இருந்தாலும் புதுக் குழாயில் ஒளி படும்போது சுவரிலிருந்து வாயு கிளம்பத்தான் செய்யும்; நாள்கணக்கில் கற்றையை ஓட்டி ஓட்டித்தான் அது அடங்கும். கமிஷனிங்குக்கு நேரம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதை எந்த மேலாளராலும் விரைவுபடுத்த முடியாது.

குற்றம் முழுவதும் உங்கள் பக்கம் என்று நான் எழுதவில்லை. வாங்கும் பக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் எங்கள் தவறுகளையும் ஒப்புக்கொள்கிறேன். குறைந்த விலைக்கே டெண்டர் என்று வைத்துவிட்டு மைக்ரானை எதிர்பார்த்தோம். மாதிரிக் காந்தம் ஒன்றைச் செய்து, அளந்து, கற்று, மறுபடி செய்வதற்குப் பணமும் காலமும் ஒதுக்காமல் நேராக நூறு காந்தங்களுக்கு ஆர்டர் கொடுத்தோம். விலகலைச் சொன்னவருக்கு அபராதம், சொல்லாதவருக்கு முழுப் பில் என்று விதியை எழுதி வைத்தோம். அந்த விதி மாற வேண்டுமானால் நீங்கள்தான் கேட்க வேண்டும். தனிப் பட்டறைக்காரர் கேட்டால் அடுத்த டெண்டரில் பெயர் இருக்காது, சங்கம் கேட்டால் காது கொடுப்பார்கள். நம் நாட்டில் புதிய வளையத்துக்கான டெண்டர் எப்போது வந்தாலும், விண்ணப்பிக்கும் முன்பே மூன்று கோரிக்கைகளை எழுத்தில் வையுங்கள்: விலகலைத் தாமாக அறிவித்தால் அபராதம் கூடாது, முதல் சில காந்தங்கள் கற்றுக்கொள்வதற்கானவை என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும், கமிஷனிங் காலத்தில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து பார்க்கப் பட்டறையிலிருந்து இருவரையாவது அனுமதிக்க வேண்டும். கடைசிக் கோரிக்கையைக் கேட்டு ஆய்வகத்தார் புருவத்தை உயர்த்துவார்கள். உயர்த்தட்டும். தான் கிரைண்டிங் செய்த முகம் கற்றையை என்ன செய்கிறது என்று ஒரு முறை திரையில் பார்த்தவர், அதற்குப் பிறகு ஷிம் வைத்ததைச் சொல்லாமல் இருக்க மாட்டார்.

என் பங்குக்கு, வரும் மாதத்திலிருந்து சனிக்கிழமைதோறும் பிற்பகலில், எந்தப் பட்டறை அழைத்தாலும் நேரில் வந்து சுழல்சுருள் அளவையின் அடிப்படையையும், விலகல் கோப்பு எழுதும் முறையையும் கற்றுக்கொடுக்க ஆயத்தமாக இருக்கிறேன். கட்டணம் வேண்டாம், சர்க்கரை போடாத காபி இருந்தால் போதும். அழைப்பைச் சங்கத்தின் வழியாகவே அனுப்புங்கள். கிரைண்டிங்கில் நிற்பவரையும் காயில் சுற்றுபவரையும் முன் வரிசையில் உட்கார வையுங்கள். முதலாளிகள் பின்னால் இருக்கலாம்.

இப்படிக்கு,
ஆவாரம்பாளையத்தில் வளர்ந்த, ஓய்வு பெற்ற காந்த அளவையாளர் ஒருவர்